ஊரார் அறிந்த சென்னை

நுழையும்முன்

ஒரு நகரைக் காண வருவோர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அந்நகரில் வாழ்வோர் மனத்தில் வேறொரு பட்டியல் இருக்கும். முன்னது கையேடுகளில் அச்சாகிறது; பின்னது வாய்மொழியாகவே வழங்கி வருகிறது. சென்னையின் தென்புறநகரில் வாழ்வோர் தமக்கெனக் கண்டுகொண்ட ஒரு நீர்வெளியைப் பற்றியது இவ்வுரைநடைப் பகுதி.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்திறங்கி மாமல்லபுரம் நோக்கிப் புறப்படும் பயணியின் மகிழுந்து பெரும்பாலும் பல்லாவரத்தில் கிழக்கே திரும்பி, துரைப்பாக்கம் செல்லும் இருநூறடிச் சாலையில் விரையும். அடுக்குமாடிகள், கடைகள், மேம்பாலங்கள் எனத் தொடரும் காட்சி சிறிது நேரத்தில் அறுபடும். கட்டடங்கள் விலகும், சாலையின் இருமருங்கிலும் நீரும் கோரையும் சேறும் வானமுமாக ஒரு பெருவெளி திறக்கும். ஓரிரு நிமிடங்கள்தாம். பிறகு மீண்டும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிடும். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காதவர் அவ்வெளியைக் கண்டிருக்கமாட்டார். கண்டவரும் அதனை மழைநீர் தேங்கிய வெற்றிடம் என்றே எண்ணிக் கடந்திருப்பார். ஆசியாவின் வடகோடியிலிருந்து பறந்து வந்த வாத்துகளைத் தாம் கடந்து சென்றதை அவர் அறிய வாய்ப்பில்லை.

சென்னையைக் காண வருவோரின் பட்டியல் ஏறத்தாழ நிலையானது. மெரினா கடற்கரை, புனித ஜார்ஜ் கோட்டை, மயிலைக் கபாலீசுவரர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகம், பின்னர் மாமல்லபுரம். அவை காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாம்பரம், மேடவாக்கம், மடிப்பாக்கம் ஆகிய பகுதிகளில் வாழ்வோரிடம், விடுமுறை நாளின் விடியற்காலையில் எங்குச் செல்லலாம் என்று வினவினால் வேறு பெயர்கள் வரும். நன்மங்கலம் காடு, செம்பாக்கம் ஏரிக்கரை, மாடம்பாக்கத்துத் தூங்கானைமாடக் கோயில், பெரும்பாக்கம் நீர்நிலை ஆகியவற்றோடு பள்ளிக்கரணையும் அவ்வரிசையில் இடம்பெறும். இவ்விடங்களில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்பதில்லை. நினைவுப்பொருள் விற்கும் கடைகளும் இல்லை. அருகில் வாழ்வோர் நடைப்பயிற்சிக்கெனச் சென்று, நாளடைவில் பார்க்கக் கற்றுக்கொண்ட இடங்கள் இவை.

பல்லாவரத்திலிருந்து ஒரு வழி

மேற்சொன்ன இருநூறடிச் சாலை தொடங்கும் பல்லாவரமே அத்தகைய இடங்களுள் ஒன்றுதான். இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று இங்கே பழைய கற்காலக் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அக்கல்லிலிருந்தே தொடங்கியது எனலாம். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைத்தளம் ஒன்றும் இவ்வூர்க் குன்றில் உண்டு. அது இன்று தர்காவாக விளங்குகிறது. மாமல்லபுரத்தின் பல்லவர் கற்றளிகளைக் காண நெடுந்தொலைவு செல்வோர், அவற்றுக்கு முற்பட்ட பல்லவர் குடைவரை ஒன்று விமான நிலையத்தின் அருகிலேயே இருப்பதை அறியாமல் போவது வியப்புக்குரியது.

சாலைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காடு சுமார் 320 எக்டேர் பரப்பில் அமைந்துள்ளது. அங்கே கைவிடப்பட்ட கல்குவாரியின் செங்குத்துப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. மனிதர் வெட்டி எடுத்துவிட்டுப்போன பள்ளத்தை ஓர் ஆந்தை தன் இல்லமாக்கிக்கொள்வதைக் காணவே புறநகர்ப் பறவை ஆர்வலர்கள் பலர் அங்குச் செல்வதுண்டு.

பல்லாவரம், திரிசூலம் ஆகியவற்றின் குன்றுகளிலிருந்து நிலம் கிழக்கு நோக்கி மெல்லத் தாழ்கிறது. சாலையும் கிழக்கு நோக்கியே செல்கிறது. மழைநீர் செல்லும் திசையும் அதுவே. ஆகவே, இச்சாலையில் செல்பவர் தம்மை அறியாமலேயே நீரின் வழியைப் பின்தொடர்கிறார். அவ்வழி முடியுமிடத்தில் பள்ளிக்கரணை இருக்கிறது.

ஊர்ப்பெயர் சொல்லும் செய்தி

மீனம்பாக்கம், செம்பாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், துரைப்பாக்கம் எனப் பள்ளிக்கரணையைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கடலையும் கழியையும் ஒட்டி வாழ்ந்த மக்களின் குடியிருப்புகள் இவை என்பதற்கு இப்பெயர்களே சான்று. வெள்ளம் வடியும் வாய்க்கு ஒக்கியம் மடுவு என்று பெயர். மடு என்றால் ஆழமான நீர்நிலை. நிலவரைபடம் இல்லாதவரும் பெயர்களைக் கொண்டே இப்பகுதியின் நீரியலை ஓரளவு உய்த்துணர முடியும். அண்மைக் காலத்தில் எழுந்த குடியிருப்புகளுக்கு இடப்படும் பெயர்களில் இத்தகைய நினைவு எதுவும் இல்லை.

பள்ளிக்கரணையைச் சுற்றிலும் ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர் நிலப்பரப்பில் பெய்யும் மழைக்கு இதுவே வடிகால். இந்நீர் நேரடியாக வந்து சேர்வதில்லை. ஏரிக்கு ஏரி தங்கி வருகிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் நன்மங்கலம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின்னர் நாராயணபுரத்திற்கும் சென்று, இறுதியில் சதுப்புநிலத்தில் இறங்கும். இதைப் போன்றே பல ஏரித்தொடர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து இங்கு வந்து கலக்கின்றன. மேல் ஏரி தன் தேவைக்கு எடுத்துக்கொண்டதுபோக எஞ்சியதைக் கீழ் ஏரிக்கு விடுவதே இந்த அமைப்பின் நெறி. நெல் விளைந்த காலத்தில் மதகுகள் வயலுக்கு நீர் தந்தன. இன்று வயல்கள் மறைந்து வீடுகள் நிற்கின்றன. ஆயினும் மழை பெய்தால் நீர் பழைய வழியையே தேடுகிறது.

சதுப்பில் தங்கும் நீர் மெல்லப் பரவி, நிலத்தடியில் இறங்கி, எஞ்சியது ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. அதே வழியில் கடலின் உப்பும் உள்ளே வருகிறது. எனவே பள்ளிக்கரணை முழுக்க நன்னீரும் அன்று. முழுக்க உவர்நீரும் அன்று. மழைக்காலத்தில் ஒரு சுவை, கோடையில் மற்றொரு சுவை. இத்தகைய நிலத்தை வட்டார மக்கள் கழுவெளி என்றனர். அகராதியில் சதுப்பு என்னும் சொல் இருந்தும், வெள்ளம் கழுவிச் செல்லும் வெளிக்கெனத் தனிச்சொல் ஒன்றை அவர்கள் வைத்திருந்தனர்.

காலளவும் நீரளவும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழி, தை மாதங்களே கழுவெளியைக் காண உகந்த காலம். கதிரவன் எழுவதற்கு முன்பே சாலையோரத்தில் சிலர் நின்றிருப்பர். கழுத்தில் இருகண்ணோக்கி, கையில் சிறு குறிப்பேடு. வேளச்சேரியிலிருந்து மிதிவண்டியில் வந்த பள்ளி மாணவரும் இருப்பர். ஓய்வுபெற்ற அலுவலரும் இருப்பர். அவர்களிடையே பேச்சு மிகக் குறைவு.

அவர்கள் காண்பதைப் புரிந்துகொள்ள ஒரு திறவுகோல் உண்டு. இக்கழுவெளியில் நீரின் ஆழம் ஒரே சீரானதன்று. ஓரிடத்தில் விரலளவு, மற்றோரிடத்தில் முழங்காலளவு, சில இடங்களில் ஆளுயரம். ஒவ்வோர் ஆழத்திற்கும் உரிய கால்களும் அலகுகளும் உண்டு. பறவையின் கால் நீளத்தைக் கொண்டே அது எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

கரையோரச் சேற்றில் குறுங்கால்களுடன் ஓடி ஓடி அலகால் குத்துபவை உள்ளான்கள். சற்றே உள்ளே, சிவந்த மெல்லிய கால்களில் நிற்பது நெடுங்கால் உள்ளான்; அதன் உடல் சிறியது, கால்களோ உடலுக்குப் பொருந்தாத நீளம் கொண்டவை. வளைந்த அலகைச் சேற்றில் செலுத்தித் துழாவுவது அரிவாள்மூக்கன். மஞ்சள்மூக்கு நாரை கண்ணை நம்பி வேட்டையாடுவதில்லை. அலகைச் சிறிது திறந்து கலங்கிய நீரில் அமிழ்த்தி நடக்கும். மீன் அலகில் பட்ட நொடியில் அது மூடிக்கொள்ளும். கலங்கிய நீர் மற்றப் பறவைகளுக்குத் தடை; இந்நாரைக்கு அதனால் இழப்பில்லை.

முழங்காலளவு நீரில் கூட்டமாக நிற்கும் பூநாரைகளைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து வருவோர் உண்டு. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பகுதி கீழாக இருக்குமாறு நீரில் வைத்து, நாவால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, நுண்ணுயிர்களை மட்டும் வடிகட்டி உண்ணும் பறவை அது. அதன் இளஞ்சிவப்பு நிறம் பிறவி நிறம் அன்று. உண்ணும் பாசியிலும் சிற்றிறால்களிலும் உள்ள நிறமிகளே சிறகில் ஏறுகின்றன. கட்சுப் பாலைவனத்தின் உப்புச் சேற்றில் முட்டையிடும் இப்பறவைக்குப் பள்ளிக்கரணையின் உவர்ப்பு அயலானதன்று.

ஆம்பல் இலைகள் மிதக்குமிடத்தில் நீளவால் இலைக்கோழி நடக்கும். அதன் விரல்கள் மிக நீண்டவை. உடலின் எடை பல இலைகளின்மீது பகிரப்படுவதால் இலை அமிழ்வதில்லை. இப்பறவையின் இல்வாழ்க்கையும் தனித்தன்மை உடையது. பெண் முட்டையிட்டு விலகிவிட, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுகிறது. சம்பங்கோரைப் புதரின் ஓரத்தில் நீலத் தாழைக்கோழி தண்டை ஒடித்துக் காலில் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். நெற்றியில் வெண்ணாமம் இட்டதுபோல் தோன்றும் நாமக்கோழிகள் திறந்த நீரில் நூற்றுக்கணக்கில் மிதக்கும். ஆழமான பகுதி முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்திற்கும் கூழைக்கடாவிற்கும் உரியது.

வடதிசையிலிருந்து வந்த விருந்தினரை இனங்காணப் பழக்கம் வேண்டும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டையான அலகுடைய தட்டைவாயன் ஆகியவை மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் குளிர்காலத்தில் வலசை வருபவை. அவை அமைதியாக மிதந்துகொண்டிருக்கையில், கோரைக்கு மேலே தாழப் பறந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து வந்தால் நீர்ப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எழும். அவ்வோசையைக் கேட்பதற்காகவே காத்திருந்தவர்களும் உண்டு. வாகன இரைச்சலையும் மீறிக் கேட்கும் சிறகோசை அது.

வேடந்தாங்கலைக் கண்டவர்களுக்கு இங்கே சிறிது ஏமாற்றம் ஏற்படக்கூடும். அங்கே பறவைகள் மரங்களில் கூடு கட்டுகின்றன. ஓரிடத்தில் நின்றாலே போதும், கூடும் குஞ்சும் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கரணை முதன்மையாக இரைதேடும் களம். பறவைகள் அகன்ற வெளியில் சிதறியிருக்கும். அவற்றைக் காணப் பொறுமை வேண்டும். சுற்றுலாப் பட்டியலில் இவ்விடம் ஏறாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இங்கே ஒன்றைக் கூறவேண்டும். ஏரிகளைத் தூர்வாரி ஆழப்படுத்துவது நற்பணி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஏரிக்கு அது பொருந்தும். கழுவெளியை முழுவதும் சீராக ஆழப்படுத்தினால் விரலளவு நீரை நம்பி வாழும் உள்ளான்கள் முதலில் அகன்றுவிடும். பிறகு நாரைகள் செல்லும். நீர் இருக்கும், பறவை இராது. அதுபோலவே, கோடையில் சேறு வெடித்துக் கிடப்பதும் கழுவெளியின் இயல்பான பருவமே. காற்றைச் சுவாசிக்கவல்ல விரால் மீன் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும்; விதைகள் மண்ணில் காத்துக்கிடக்கும்; அடுத்த மழையில் அனைத்தும் எழும். வறண்ட காலத்தில் கண்டவரே இதனைப் பாழ்நிலம் என்று எழுதிவைத்தனர் போலும்.

பாழ்நிலம் என்றொரு பெயர்

வருவாய்த்துறை வழக்கில் இத்தகைய நிலம் புறம்போக்கு எனப்படும். வரிவிதிப்புக்குப் புறமாக, ஊர்ப்பொதுவாக ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். மேய்ச்சல் நிலம், நீர்வழி, களம் ஆகிய பொதுவிடங்கள் எல்லாம் அதில் அடங்கும். காலப்போக்கில் அச்சொல் பயனற்றது, யாருக்கும் உரியதல்லாதது என்னும் பொருளுக்கு இழிந்து, இன்று வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஒரு சொல்லின் பொருள் தேய்ந்ததற்கும் அச்சொல் சுட்டிய நிலம் தேய்ந்ததற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

1960களில் ஏறத்தாழ 5,500 எக்டேர் பரப்பில் விரிந்திருந்தது பள்ளிக்கரணைக் கழுவெளி. நகரம் தெற்கு நோக்கி வளர்ந்தபோது, பட்டா நிலத்தை விலைகொடுத்து வாங்குவதைவிடப் புறம்போக்கை எடுத்துக்கொள்வது எளிதாக இருந்தது. கல்வி நிறுவனங்களும் ஆய்வு நிறுவனங்களும் வந்தன. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. தொடர்வண்டிப் பாதை வந்தது. இருநூறடிச் சாலை கழுவெளியை இரண்டாகப் பிளந்து சென்றது. பெருங்குடிப் பக்கத்தில் மாநகரின் குப்பை 200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் மலையாகக் குவிந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் ஒரு நியாயம் இருந்தது. நகரத்திற்குச் சாலை வேண்டும். குப்பை எங்காவது போகவேண்டும். அந்த ‘எங்காவது’ எப்போதும் ஒரே திசையில் இருந்ததுதான் கவனிக்கத்தக்கது. எஞ்சிய சதுப்பு, பழைய பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

நீரின் கணக்கு எளியது. வந்துசேரும் மழைநீர் குறையவில்லை. நிற்கும் இடம் குறைந்தது. எனில், எஞ்சிய இடத்தில் நீர் உயரமாக நின்றாக வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. படகுகள் தெருக்களில் சென்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை மீண்டும் நீரில் நின்றது. வீட்டிற்குள் வந்த வெள்ளம் வழிதவறி வந்த வெள்ளமன்று என்பதை அப்பகுதி மூத்தோர் அறிந்திருந்தனர்.

எண்ணிக்கையால் எழுந்த காவல்

எஞ்சிய கழுவெளி எவ்வாறு தப்பியது என்பதே இப்பாடத்தின் முதன்மையான செய்தி. அதனைக் காத்தவர்கள் முதலில் செய்த வேலை எண்ணுவது. 1978-இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கத்தினர் போன்ற ஆர்வலர்கள் நகரின் நீர்நிலைகளில் எந்தப் பறவை, எத்தனை, எந்த நாளில் என்று குறித்து வந்தனர். பயனற்ற நிலம் என்று ஏட்டில் எழுதப்பட்ட ஓரிடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் உள்ளன என்று மற்றோர் ஏடு கூறியபோது, முந்தைய ஏட்டைத் திருத்தவேண்டிய நிலை உருவானது. இங்கே பதிவான தாவர இனங்களும் நூற்றுக்கு மேற்பட்டவை. மீன்களும் தவளைகளும் கண்ணாடிவிரியன் முதலிய ஊர்வனவும் தனி.

உயிரியல் ஆய்வாளர் ஜெய்ஸ்ரீ வெங்கடேசனும் அவர் தொடங்கிய கேர் எர்த் அறக்கட்டளையும் இப்பணியை முறையான ஆய்வாக வளர்த்தனர். கழுவெளியின் எல்லை எது, நீர் எவ்வழியே வருகிறது, எங்கே அடைபட்டது என்று ஆவணப்படுத்தினர். குடியிருப்போர் நலச்சங்கங்களும் இயற்கை ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் எழுப்பினர். 2007-இல் 317 எக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் பரப்பு பின்னர் ஏறத்தாழ 700 எக்டேராக விரிந்தது. மரங்களே இல்லாத ஒரு நீர்வெளியைக் காடு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது, அலுவலக வழக்கில் நிகழ்ந்த அரிய நிகழ்வு.

2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை ராம்சார் தளமாகப் பட்டியலிடப்பட்டது. அதே மாத இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. உலகப் பெருமையும் ஊர்க்குப்பையும் ஒரே வெளியில் ஒரே மாதத்தில் அருகருகே நின்றன. பழைய குப்பையை அகழ்ந்து, மண், நெகிழி, கல் எனப் பிரித்து அகற்றி நிலத்தை மீட்கும் பணி அங்கே நடைபெற்று வருகிறது.

ஈரநிலங்களை அறிவார்ந்து பயன்படுத்துவதற்கான ராம்சார் விருது 2025-இல் ஜெய்ஸ்ரீ வெங்கடேசனுக்கு வழங்கப்பட்டது. இந்தியர் ஒருவர் இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

தெரியுமா?

ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தானது. அந்நாளே உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியா 1982-இல் இதில் இணைந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தளம் கோடியக்கரை (2002). அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி ஆகியவை பட்டியலில் சேர்ந்தன.

இன்னும் முடியாத ஒரு கணக்கும் உண்டு. ராம்சார் தளமாகக் குறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். வனத்துறையின் காப்பில் இருப்பது அதில் பாதியைச் சற்று மிஞ்சும். இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள சுமார் 550 எக்டேர் நிலத்தின் எல்லை எது, அதில் எது கட்டலாம், எது கூடாது என்பதே இன்றைய வழக்கு. ஆய்வு முடிந்து எல்லை உறுதிசெய்யப்படும்வரை, தளத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானங்களுக்கு ஒப்புதல் வழங்கக்கூடாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. அங்கே முன்னரே வீடு வாங்கியவர்களின் கவலையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பாதி வாழ்நாளின் சேமிப்பு ஒருபுறம், நீரின் வழி மறுபுறம் எனும்போது எல்லைக்கோடு மிகத் துல்லியமாக வரையப்பட வேண்டியதாகிறது.

நகரத்திற்குள் ஈரநிலம் இருப்பதை இடையூறு என்று கருதாத நகரங்களும் உண்டு. கொழும்பு 2018-இல் ராம்சார் ஈரநில நகரம் என்னும் ஏற்பைப் பெற்றது. அதன் அருகே கோட்டையில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மரப்பலகை நடைபாதைகளில் சென்று சதுப்பின் நடுவே நின்று பறவைகளைக் காணலாம். வெள்ளநீரைத் தாங்கும் வேலையையும் அச்சதுப்புகளே செய்கின்றன. இந்தியாவில் இந்தூரும் உதயப்பூரும் 2025-இல் அவ்வேற்பைப் பெற்றன.

பார்க்கச் செல்வோர்க்கு

பள்ளிக்கரணையிலும் 2021 முதல் இருநூறடிச் சாலையை ஒட்டிச் சூழலியல் பூங்கா ஒன்று இயங்குகிறது. நடைபாதையும் பார்வையிடங்களும் அமைந்த அப்பூங்காவே புதியவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற இடம். காலையில் செல்வோர் கதிரவன் தம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் சிறகின் நிறங்கள் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பே. பளிச்சிடும் நிறத்தில் உடை வேண்டா. கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதைப் பழகியவர்கள் இழிவாகக் கருதுவர். நெடுந்தொலைவு வந்த பறவைக்கு வீணாகும் ஒவ்வொரு சிறகடிப்பும் இழப்பு. கோரைக்குள் இறங்குவது கூடாது. அது கண்ணாடிவிரியனின் வீடு.

தொடங்குவோர்க்கு ஏற்ற நாள்களும் உண்டு. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறை நான்கு நாள்களிலும் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து, இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். காகமும் மைனாவும் கணக்கில் சேரும். எட்டாம் வகுப்பு மாணவர் குறித்த நாமக்கோழி எண்ணிக்கையும் முதிர்ந்த அறிஞர் குறித்த எண்ணிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன.

மாலை ஐந்தரைக்குப் பிறகு வெளிச்சம் மங்கும்போது கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் வரிசை வரிசையாக இருநூறடிச் சாலையைக் கடந்து தங்குமிடம் நோக்கிப் பறக்கின்றன. வக்காக்கள் எதிர்த்திசையில் வேலைக்குப் புறப்படுகின்றன. அவை இரவில் இரைதேடுபவை. கீழே துரைப்பாக்கத்து அலுவலகங்களிலிருந்து வீடு திரும்பும் வண்டிகள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்போரில் ஓரிருவர் நிமிர்ந்து பார்த்து, எத்தனை என்று எண்ணத் தொடங்குவர்.